பிரேயா விஹார் கோயில்: வரைபடமா, மலை முகடா?

பினாங்கு குமரன்:
2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் ஐந்து நாள் அடித்துக்கொண்டு, கடைசியில் எங்கள் புத்ராஜெயாவில் உட்கார்ந்து பேசித்தான் நிறுத்தின. இந்தப் பகையின் வேர் பிரேயா விஹார் சிவன் கோயில். அது கம்போடியாவுக்கே சொந்தம் என்று 1962-லேயே ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 9-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு சொல்லிவிட்டது. அது நியாயமான தீர்ப்பு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

முகடு:
நான் மறுக்கிறேன். 1904-ல் சயாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்சும் போட்ட ஒப்பந்தத்தில், டாங்ரெக் மலையில் மழைத்தண்ணீர் இரண்டாகப் பிரியும் முகடுதான் எல்லை என்று எழுத்திலேயே இருக்கிறது. கோயில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வடக்கே, தாய்லாந்துப் பக்கம், மெல்லச் சரியும் நிலம். கோயிலின் நீண்ட படிக்கட்டு அந்தத் திசையில்தான் இறங்குகிறது. தெற்கே கம்போடியச் சமவெளிக்குச் செங்குத்துப் பாறை, 500 மீட்டர் இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? நீதிமன்றம் நம்பியது கோயிலைக் கம்போடியாவில் காட்டிய ஒரு வரைபடத்தை; அதை வரைந்தது பிரெஞ்சு அதிகாரிகள் மட்டுமே. எல்லை வகுக்க அமைத்த இரு நாட்டுக் கூட்டு ஆணையம் அதை ஒப்புக்கொண்டதாக ஒரு காகிதமும் இல்லை.

பினாங்கு குமரன்:
படம் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டதே சயாம்தான் நண்பரே. 1908-ல் கைக்கு வந்ததும், உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப இன்னும் 15 பிரதி கேட்டார். அப்புறம் 1930-ல் அவரே கோயிலுக்குப் போகிறார். பிரெஞ்சு அதிகாரி முழுச் சீருடையில் வந்து வரவேற்கிறார், பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. 'என் நாட்டுக் கோயிலில் உனக்கென்ன வேலை' என்று தம்ரோங் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அங்கே எடுத்த புகைப்படங்களை அந்த அதிகாரிக்கு அனுப்பியும் வைத்தார்.

முகடு:
கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? 1893-ல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஆற்றில் ஏறி பாங்காக் வரை வந்து மிரட்டிய நாடு அது. பயந்து வாய்மூடி இருந்தவனைச் சம்மதித்தவன் என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. வெலிங்டன் கூ, பெர்சி ஸ்பெண்டர் போன்ற நீதிபதிகளே மாற்றுத் தீர்ப்பு எழுதினார்கள்.

சங்கிலி ஐயா:
நில அளவைத் துறையில் 31 வருஷம் இருந்தவன், ஒரு வார்த்தை. கிரயப் பத்திரத்தில் 'கிழக்கே ஓடை' என்று இருக்கும். புலப்படத்தில் கோடு ஓடையைத் தாண்டி விழுந்திருக்கும். அப்படி வந்தால் நான் ஓடைப் பக்கம்தான் நிற்பேன். அதனால் முதலில் முகடு தம்பி சொல்வதே சரி என்று இருந்தேன்.

ஆனால் 1934-35-ல் தாய்லாந்தே ஆள் விட்டு அளந்தது. படக்கோட்டுக்கும் முகட்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கோயிலைக் கம்போடியாவில் காட்டும் படங்களையே அச்சடித்துப் புழங்கினார்கள். தப்பு தெரிந்தும் திருத்த மனு போடாதவருக்காக நான் வாதாட மாட்டேன்.

பினாங்கு குமரன்:
1947-ல் வாஷிங்டனில் பிரான்ஸ்-தாய்லாந்து எல்லைச் சிக்கலைப் பேச சமரச ஆணையம் உட்கார்ந்தபோதும் தாய்லாந்து இந்தக் கோயிலைப் பற்றிப் பேசவில்லை, ஐயா. அப்போது எந்தப் போர்க்கப்பலும் பாங்காக் முன்னால் நிற்கவில்லை.

முகடு:
1947 விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, சரி. கோயிலை விட்டுவிடுகிறேன். பக்கத்து நிலம்? 1962 தீர்ப்பு கோயிலையும் அதன் சுற்றுப்புறத்தையும்தான் கொடுத்தது. அதை ஒட்டிய 4.6 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு 2008 முதல் 2011 வரை பீரங்கி வெடித்தது. அந்தத் தீர்ப்புக்கு விளக்கம் கேட்டபோது, கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்கு என்று 2013-ல் அதே நீதிமன்றத்தார் சொன்னார்கள். மேற்கே உள்ள ப்னோம் திராப் குன்று அதில் சேராது என்றார்கள். மொத்தம் 800 கிலோமீட்டர் எல்லையில் இது ஒரு துளி.

சங்கிலி ஐயா:
அங்கேதான் வயிறு எரிகிறது. 1909-லிருந்து 1919 வரை மேற்குப் பகுதியில் 73 எல்லைக்கல் நட்டார்கள். கோயில் இருக்கும் கிழக்குப் பகுதியில், முகடுதான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஒரு கல்கூட நடவில்லை. சங்கிலி பிடித்து நடந்து கல் போடாத எல்லைக்கு இத்தனை உயிர் போயிருக்கிறது. இரண்டு நாட்டு சர்வேயர்களையும் ஒன்றாக அந்த மேட்டில் ஏறி அளக்க விடுங்கள். 2000-ல் போட்ட ஒப்பந்தத்தில் அதற்குத்தானே கையெழுத்திட்டார்கள்.