வாய்க்கால் காய்ந்தும் கிளவுட் பில் ஓடுகிறது

மன்னார்குடி: வாய்க்கால் நீர்மட்டம் அளக்க 14 சென்சார்கள் வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஓர் அளவு கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த கணினிக்கு, போகிறது. உடனே சராசரி, வரைபடம் என்று கணக்கு நடக்கிறது. ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடிய பிறகும் பில் குறையவில்லை. எங்கே கை வைப்பது?

கும்பகோணம்: அந்த வரைபடத்தைக் கடைசியாக யார் திறந்தார்கள், அண்ணே? யார் எப்போது திறந்தார்கள் என்று காட்டும் அணுகல் பதிவைப் பாருங்கள். யாரும் பார்க்காத கணக்கீட்டை நிறுத்துங்கள், அழிக்க வேண்டாம். பத்து நாளில் யாராவது கூப்பிட்டுத் திட்டினால் திரும்ப ஓட விடலாம்.

திருவையாறு: மட்டம் மாறினால் மட்டும் அனுப்பும்படி சென்சாரிலேயே மாற்றுங்கள். பூச்சியத்துக்கு எதற்குச் சராசரி? ஆனால் தினம் ஒரு செய்தியாவது வரட்டும். எலி கம்பியைக் கடித்தால் தெரிய வேண்டுமே.

மன்னார்குடி: பார்த்துவிட்டேன். இரவு 2 மணி அறிக்கை, வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது!