எஸ்எஸ்ஏ-வி ம்யூட்டன்ட்டும் வைல்ட் டைப்பும் ஒரே எண்ணிக்கை காட்டுகின்றன, எங்கே தப்பு?

கயல்கரை
வணக்கம். ஒன்றரை மாதமாக இதே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

பாக்டீரியா சால்மோனெல்லா டைஃபிமூரியம், எஸ்எல்1344 ஸ்ட்ரெயின். எஸ்பிஐ-2 என்பது பாக்டீரியா ஊசி போன்ற ஒன்றின் வழியாகப் புரதங்களை வெளியே செலுத்தும் சுரப்பு அமைப்பு. எஸ்எஸ்ஏ-வி மரபணு கெட்டதால் அது வேலை செய்யாத ம்யூட்டன்ட்டை, மாற்றம் இல்லாத வைல்ட் டைப்போடு ரா 264.7 மேக்ரோபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் எலி செல்கள்) ஒப்பிடுகிறேன். இரவுக் கல்ச்சரை 33 மடங்கு நீர்த்துப் புது எல்பி மீடியத்தில் 3 மணி நேரம் ஷேக்கரில் வளர்த்து, செல்லுக்கு 10 பாக்டீரியா வீதம் சேர்க்கிறேன். அரை மணி கழித்து, செல்லுக்கு வெளியே இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல ஜென்டமைசின் ஆன்டிபயாடிக், மில்லிக்கு 100 மைக்ரோகிராம். 2 மணி நேரத்திலும் 18 மணி நேரத்திலும் செல்களை ட்ரைட்டனில் (சோப்பு மாதிரி) உடைத்து, உள்ளே உயிரோடு இருக்கும் பாக்டீரியாவை எண்ண ப்ளேட் செய்கிறேன்.

18 மணியில் ம்யூட்டன்ட் குறைய வேண்டும், வைல்ட் டைப் பெருக வேண்டும். எனக்கோ இரண்டுமே குறைகின்றன, அதுவும் ஒரே அளவில். பிசிஆரில் ம்யூட்டன்ட் சரியாகத்தான் இருக்கிறது.

அகர்தட்டு
தம்பி, மூன்று கேள்வி. 18 மணியில் உடைப்பதற்கு முன் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா? ஜென்டமைசின் அளவைப் பிறகு குறைத்தீர்களா? செல் வளர்க்கும் மீடியத்தில் பென்-ஸ்ட்ரெப் ஆன்டிபயாடிக் கலவை இருக்கிறதா?

கயல்கரை
பென்-ஸ்ட்ரெப்பை முந்தின நாளே எடுத்துவிடுகிறேன் அக்கா. ஜென்டமைசினைக் குறைக்கவில்லை, 18 மணி வரை 100 மைக்ரோகிராம்தான். செல்களை இன்று பார்த்தேன். பாதிக்கு மேல் உருண்டு மிதக்கின்றன. ஒட்டியிருப்பவையும் சுருங்கிப் போயிருக்கின்றன. பாக்டீரியா சேர்க்காத கிணற்றில் செல்கள் நன்றாகவே இருக்கின்றன.

அகர்தட்டு
அப்படியானால் ம்யூட்டன்ட்டைச் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் பாக்டீரியாவைத் தயார் செய்யும் விதத்தில்தான் சிக்கல்.

அந்த 3 மணி நேர வளர்ப்பு ஹீலா போன்ற எபிதீலியல் செல்களுக்கானது. அதில் எஸ்பிஐ-1 முழுவதுமாக இயங்கும். செல்லுக்குள் புக உதவும் அமைப்பு அது. மேக்ரோபேஜுக்கு அது தேவையே இல்லை, தானாகவே விழுங்கும். தேவையில்லாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட. பாக்டீரியா வாலின் ஃபிளாஜெலினும் எஸ்பிஐ-1 ஊசிப் புரதமும் செல்லின் சைட்டோபிளாசத்துக்குள் கசிந்தால் செல்லின் என்எல்ஆர்சி4 உணரி கண்டுகொள்ளும், காஸ்பேஸ்-1 நொதி கிளம்பும், செல் வெடித்துச் சாகும். சவ்வு கிழிந்த செல்லுக்குள் ஜென்டமைசின் தாராளமாகப் போகும். உள்ளே இருந்தது வைல்ட் டைப்போ ம்யூட்டன்ட்டோ, இரண்டும் செத்துவிடும்.

எஸ்பிஐ-2 அதற்கு அப்புறம்தான் வேலைக்கு வருகிறது. விழுங்கிய பையில் அமிலம் ஏறி, மெக்னீசியம் குறைந்த பிறகு பாக்டீரியாவின் போபி-போக்யூ உணரி அதை உணர, எஸ்எஸ்ஆர்-ஏ, எஸ்எஸ்ஆர்-பி என்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் வழியாக மரபணுக்கள் விழித்து, ஊசி கட்டப்பட்டு, சிஃப்-ஏ போன்ற புரதங்கள் பையின் சவ்வைத் தாண்டி வெளியே போக வேண்டும். பை உடையாமல் நிற்பதும், லைசோசோம் நொதிகள் முழு பலத்தோடு வந்து சேராமல் தடுக்கப்படுவதும் அதனால்தான். இதற்குச் சில மணி நேரம் ஆகும். அதுவரை மேக்ரோபேஜ் உயிரோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மரபணு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

இரவு முழுக்க வளர்ந்து ஸ்டேஷனரி நிலைக்கு வந்த கல்ச்சரை அப்படியே எடுங்கள். 10 சதவீத எலி சீரத்தில் 20 நிமிடம் வைத்துவிட்டு மேக்ரோபேஜில் சேர்த்துவிடுங்கள். விழுங்குவது சீராக இருக்கும்.

மண்பானை
ஜென்டமைசின் பற்றி நானும் சொல்கிறேன். அது செல் சவ்வைக் கடக்காது என்பது சில மணி நேரத்துக்குத்தான் நம்பத் தகுந்தது. 18 மணி நேரம் 100 மைக்ரோகிராமில் ஊறினால் மேக்ரோபேஜ் அதையும் மீடியத்தோடு சேர்த்துக் குடிக்கும். முதல் 1 மணி நேரத்துக்குப் பிறகு 10 முதல் 20 மைக்ரோகிராமுக்கு இறக்கிவிடுங்கள். நான் ஒரு முழு செமஸ்டரை இதில் தொலைத்தேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று: 1995-ல் டேவிட் ஹோல்டன் குழு, எலிக்குள் பிழைக்க முடியாத ம்யூட்டன்ட்களைத் தேடியபோது அகப்பட்டவைதான் எஸ்பிஐ-2 மரபணுக்கள். எலியில் வித்தியாசம் மிகப் பெரியது. ரா செல்லில் ஏறக்குறைய பத்து மடங்கு வந்தாலே நல்ல முடிவு. தனி எண்ணிக்கையைப் பார்க்காமல், 18 மணி எண்ணிக்கையை 2 மணி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

கயல்கரை
இரண்டு மாற்றத்தையும் சேர்த்து மூன்று முறை செய்துவிட்டேன். 18 மணியில் செல்கள் பெரும்பாலும் ஒட்டியே இருக்கின்றன. வைல்ட் டைப் சராசரியாக 9 மடங்கு பெருகியிருக்கிறது, ம்யூட்டன்ட் 1.3-ல் நிற்கிறது. வைல்ட் டைப் ப்ளேட்டில் காலனிகள் நெருக்கியடித்து எண்ண முடியாமல் போய், இன்னொரு பத்து மடங்கு நீர்க்க வேண்டியிருந்தது. அக்காவுக்கும் மண்பானைக்கும் மனமார்ந்த நன்றி.

பிளாஸ்மிடில் எஸ்எஸ்ஏ-வி-யைத் திரும்பக் கொடுத்த ஸ்ட்ரெயினை அடுத்த வாரம் சேர்க்கிறேன்.

அகர்தட்டு
நல்லது தம்பி. அந்தப் பிளாஸ்மிடில் ஜென்டமைசின் எதிர்ப்பு மரபணு இல்லையென்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.