கல்லூரியில் கவனிக்கப்படாத குவார்ட்டர்பேக்குகள் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்கள்) அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் தேறுவார்களா என்பதை முன்கூட்டியே மதிப்பிட முடியுமா?

பக்கக்கோடு கேட்கிறார்:

ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முடிந்த கையோடு, கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்ட ஒருவரையோ, எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஒருவரையோ காட்டி, இவர்தான் அடுத்த டாம் பிரேடி என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பின்னாளில் பெரும் நட்சத்திரமான பிரேடி 2000-ஆம் ஆண்டில் ஆறாவது சுற்றில் 199-ஆவதாக எடுக்கப்பட்டவர். பிராக் பர்டி 2022-இல் 262-ஆவதாக, அதாவது அந்த ஆண்டின் கடைசி ஆளாக எடுக்கப்பட்டு, அடுத்த பருவத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோ அணியை என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றவர். ஆனால் 2006-இல் ஹவாய் பல்கலைக்கழகத்துக்காக ஒரே பருவத்தில் 58 டச் டவுன் பாஸ்கள் (நேரடியாகப் புள்ளி பெற்றுத்தரும் வீச்சுகள்) வீசிய கோல்ட் பிரென்னன், 2008-இல் அதே ஆறாவது சுற்றில் வாஷிங்டனுக்குச் சென்றும், முறையான பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூட களமிறங்கவில்லை. நடந்து முடிந்த பிறகு காரணம் சொல்வது எவருக்கும் எளிது. நடப்பதற்கு முன்பாக, கல்லூரி ஆட்டங்களை மட்டும் பார்த்து, இவ்விரு வகையினரையும் பிரித்தறிய ஏதேனும் வழி இருக்கிறதா?

மூன்றும் ஏழும் எழுதுகிறார்:

நான் முதலில் பார்ப்பது, அந்த வீரர் எந்தக் காரணத்தால் ஒதுக்கப்பட்டார் என்பதைத்தான். எல்லாக் காரணங்களுக்கும் ஒரே எடை கிடையாது. பின்னாளில் என்எஃப்எல்லில் நட்சத்திரமான கர்ட் வார்னர் நார்தர்ன் அயோவாவில் தம்முடைய கடைசிப் பருவம் வரை மாற்று வீரராகவே உட்கார்ந்திருந்தார்; 1994-இல் அவரை யாரும் எடுக்காததற்கு, மதிப்பிடப் போதுமான ஆட்டங்களே அவரிடம் இல்லாதது ஒரு முக்கியக் காரணம். அவரைப் போலவே பின்னர் தேறிய டோனி ரோமோ, கீழ்ப் பிரிவில் ஆடும் ஈஸ்டர்ன் இல்லினாயில் இருந்து வந்தவர். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த விருதான வால்டர் பேட்டன் விருதை 2002-இல் பெற்றும், 2003 டிராஃப்டில் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. இருவரையும் அணிகள் பார்த்து நிராகரித்தன என்பதைவிட, போதுமான அளவு பார்க்கவில்லை என்பதே சரி.

உயரம் இன்னொரு வகை. ரஸ்ஸல் வில்சன் ஆறடிக்குச் சற்றுக் குறைவானவர் என்பதால்தான் 2012-இல் மூன்றாவது சுற்று வரை, 75-ஆவது இடம் வரை, காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அவருக்குப் பின்னர் இந்தத் தயக்கம் பெருமளவு கரைந்துவிட்டது. கைலர் மர்ரியும் பிரைஸ் யங்கும் அவரைவிடக் குட்டையானவர்கள். 2019-இலும் 2023-இலும் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். ஆகவே, உயரக் குறைவுக்காக மட்டுமே ஒரு திறமைசாலி கடைசிச் சுற்றுக்குத் தள்ளப்பட்டிருக்கிறார் என்று இன்று யாராவது வாதிட்டால் நான் எளிதில் நம்பமாட்டேன். வேறு ஏதோ குறை அணிகளின் கண்ணில் பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

பர்டியின் கதை இன்னும் நுட்பமானது. அயோவா ஸ்டேட்டில் நான்கு பருவங்கள் ஆடியவரை அணிகள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அவருடைய கை வலிமையும் உடலமைப்பும் சாதாரணமானவை என்று கருதினார்கள். அந்தக் கருத்து தவறும் அல்ல. அவர்கள் குறைத்து மதிப்பிட்டது, ரிசீவர் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) திரும்புவதற்கு முன்பே பந்தைக் கையிலிருந்து விடும் அவருடைய முன்னுணர்வை. டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில் 40 யார்ட் ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள், ஆனால் இந்த முன்னுணர்வை அளக்கும் கருவி அங்கே இல்லை.

எதிரணிக்காரன் எழுதுகிறார்:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், எனினும் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் தப்பிப் பிழைத்தவர்களிடமிருந்தே வருவதை நண்பர் கவனிக்க வேண்டும். வார்னருக்கு 1999-இல் வாய்ப்பு வந்தது, ராம்ஸ் அணியின் டிரென்ட் கிரீன் பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் முழங்கால் காயம் அடைந்ததால். பிரேடி உள்ளே வந்தது, 2001 செப்டம்பரில் டிரூ பிளெட்சோ படுகாயம் அடைந்ததால். பர்டிக்கோ ஒருவருக்கு இருவர் விழ வேண்டியிருந்தது: 2022-இல் முதலில் ட்ரே லான்ஸுக்குக் கணுக்கால், பிறகு ஜிம்மி கரோப்போலோவுக்குப் பாதம். இந்தக் காயங்கள் நேர்ந்திராவிட்டால் இந்த மூவரின் பெயரையும் இங்கே யாராவது எழுதிக்கொண்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

பிரேடியின் முதல் ஆண்டில் பேட்ரியட்ஸ் அணி நான்கு குவார்ட்டர்பேக்குகளைப் பட்டியலில் வைத்திருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். வழக்கமாக இரண்டோ மூன்றோ இடங்கள்தாம். நான்காவது இடம் ஒதுக்கப்படாமல் இருந்திருந்தால், 199-ஆவது ஆள் வேறு அணி தேடி அலைந்திருப்பார்.

இதன் மறுபுறத்துக்கு ஜாஷ் ஆலனைச் சொல்லலாம். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவரை அழைக்கவில்லை; ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து வயோமிங்குக்கு வந்தவர். ஆயினும் கை வலிமை காரணமாக 2018-இல் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். முதல் பருவத்தில் அவர் வீசிய பாஸ்களில் 52.8 விழுக்காடு மட்டுமே சேர்ந்தன. பஃபலோ காத்திருந்தது, 2020-இல் அது 69.2 விழுக்காடானது, 2024 பருவத்தில் அவர் எம்விபி, அதாவது லீகின் மிக மதிப்புமிக்க வீரர். ஆறாவது சுற்றில் வந்த ஒருவர் முதல் ஆண்டில் அந்த 52.8-ஐக் காட்டியிருந்தால், அடுத்த பயிற்சி முகாமுக்கே அவரை அழைத்திருக்க மாட்டார்கள். முதல் சுற்றில் வருபவருக்குப் பொறுமை கிடைக்கிறது, கடைசிச் சுற்றில் வருபவருக்கு அது கிடைப்பதில்லை. பின்னர் இருவருடைய முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, டிராஃப்ட் வரிசை சரியாகவே இருந்தது என்கிறோம். வரிசை பெரும்பாலும் சரிதான் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் அது எவ்வளவு சரி என்பதை இந்த ஏற்பாடே நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.

குளிர்கால ரசிகர் எழுதுகிறார்:

கேட்டவர் ஆட்டத்தில் எதைப் பார்ப்பது என்றுதான் கேட்டார் என்பதால், அதற்கு வருகிறேன். மொத்த யார்டுகளையும் டச் டவுன்களையும் முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஜோ பர்ரோ 2019-இல் எல்எஸ்யூவுக்காக (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 60 டச் டவுன் பாஸ்கள் வீசினார். பெய்லி ஸாப்பி 2021-இல் வெஸ்டர்ன் கென்டக்கிக்காக 62 வீசி அதை மிஞ்சினார். முன்னவர் முதல் ஆளாக எடுக்கப்பட்டார், பின்னவர் நான்காவது சுற்றில் 137-ஆவதாகப் போனார். அணிகள் படித்தது எண்ணிக்கையை அல்ல, அந்த எண்ணிக்கை யாருக்கு எதிராக, எத்தகைய நெருக்கடியில் சேர்ந்தது என்பதை. பிரென்னன் தோல்வியே காணாத ஹவாய் அணியுடன் 2008 ஜனவரியில் சுகர் பௌல் என்ற கல்லூரிப் போட்டிக்கு வந்தபோது, ஜார்ஜியாவின் முன்வரிசை அவரை மூச்சுவிடவே அனுமதிக்கவில்லை, முடிவு 41-10. ஓர் ஆட்டத்தை வைத்து ஒருவரைத் தீர்ப்பது நியாயமில்லைதான், ஆனால் சிறிய பிரிவில் ஆடுபவர் பெரிய அணியைச் சந்திக்கும் அந்த ஒன்றிரண்டு ஆட்டங்களைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.

அந்த ஆட்டங்களில், மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) எட்டு, பத்து யார்டுகள் தேவைப்படும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். திரை பாஸ் போன்ற எளிய ஏற்பாடுகள் உதவாத நேரம் அது. எதிரணி வருவது தெரிந்தே வருகிறது. முதல் ரிசீவர் மூடப்பட்டால் கண் இரண்டாமவரிடம் போகிறதா, அல்லது உடனே கால்களை நம்பி வெளியே ஓடுகிறாரா? நெருக்கடியில் எவ்வளவு அடிக்கடி சாக் ஆகிறார், அதாவது பந்தை வீசுமுன்பே வீழ்த்தப்படுகிறார், என்பதும் முக்கியம். சாக்குகளுக்கு அவரைக் காக்கும் முன்வரிசையான ஆஃபென்சிவ் லைனைக் குற்றம் சொல்வது வழக்கமென்றாலும், பந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் கல்லூரியிலிருந்து என்எஃப்எல்லுக்குக் கூடவே வருகிறது என்பது பகுப்பாய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் கருத்து.

விதி வேறுபாடுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்லூரி மைதானத்தில் இரு ஹேஷ் கோடுகளுக்கும் (ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது பந்தை வைக்கும் இட, வல எல்லைகள்) இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹேஷ் கோட்டில் வைக்கப்பட்டால் மறுபக்கம் பரந்த வெளி கிடைக்கிறது, பாதி மைதானத்தை மட்டும் படித்தாலே ஆட்டம் ஓடிவிடும். அதுபோல, பாஸ் வீசும்போது ஆஃபென்சிவ் லைன் வீரர்கள் கல்லூரியில் 3 யார்ட் வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் 1 யார்ட் மட்டுமே. ஓட்டமா பாஸா என்று ஸ்னாப்புக்குப் (பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்துக்குப்) பிறகு முடிவு செய்யும் ஆர்பிஓ ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு எளிதாகப் பலிப்பதற்கு இந்த இரண்டு யார்டும் ஒரு காரணம். ஒருவருடைய பாஸ்களில் பெரும்பகுதி அவ்வகையில் வந்திருந்தால், அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பக்கக்கோடு எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். 2018-இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, சிறிய கல்லூரியில் நன்றாக ஆடுபவர் மூன்றாம் ஆண்டிலேயே பெரிய கல்லூரிக்குப் போய்விடுகிறார். கேம் வார்ட் இன்கார்னேட் வேர்டில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் வழியாக மயாமிக்கு வந்து, 2025-இல் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டுவிட்டார். அப்படியானால், இனி சிறிய கல்லூரியிலேயே கடைசிவரை இருந்துவிடுபவரை அதற்காகவே சந்தேகிக்க வேண்டுமா?

மூன்றும் ஏழும் எழுதுகிறார்:

ஓரளவுக்கு ஆம். வார்னர், ரோமோ போன்றவர்கள் இன்று கல்லூரியில் இருந்தால், மூன்றாம் ஆண்டுக்குள் யாராவது அவர்களை அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள். போதுமான அளவு பார்க்கப்படாமல் போனவர் என்ற வகை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. டைசன் பேஜென்ட் இரண்டாம் பிரிவில் ஆடும் ஷெப்பர்டு பல்கலைக்கழகத்திலிருந்து, டிராஃப்டில் எடுக்கப்படாமல், 2023-இல் சிகாகோ பேர்ஸுக்கு வந்தார்; ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் காயமடைந்தபோது நான்கு ஆட்டங்களைத் தொடங்கி இரண்டில் வென்றார்.

எதிரணிக்காரனின் வாதத்தில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. வாய்ப்பு வந்தபோது அதைத் தாங்கும் தயாரிப்பு இருந்ததா என்பதும் மதிப்பீட்டின் பகுதிதான். லான்ஸும் பர்டியும் ஒரே அணியில், ஒரே பயிற்சியாளரின் கீழ் இருந்தவர்கள். லான்ஸுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து 2021-இல் மூன்றாவது இடத்துக்கு ஏறியது. கல்லூரியில் அவர் முழுதாக ஆடியது ஒரே ஒரு பருவம். காயம் இருவருக்கும் இடையே கதவைத் திறந்தது உண்மை, ஆனால் 2023 கோடையில் லான்ஸ் நலமாகத் திரும்பிய பிறகும் அணி பர்டியை வைத்துக்கொண்டு அவரை டாலஸுக்கு அனுப்பியது காயத்தால் அல்ல.

மேலும், தேறுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. கேஸ் கீனம் ஹூஸ்டனுக்காக 19,217 யார்டுகள் வீசிக் கல்லூரிச் சாதனை படைத்தவர், 2012-இல் எவரும் எடுக்காதவர். 2017-இல் மினசோட்டாவுக்காகத் தொடங்கிய 14 ஆட்டங்களில் 11-ஐ வென்று, சூப்பர் பௌலுக்கு முந்தைய படியான என்எஃப்சி இறுதி வரை சென்றார்; அடுத்த ஆண்டு டென்வரில் சோபிக்கவில்லை; பிறகு பல ஆண்டுகள் மாற்று வீரராக அணி அணியாகச் சென்றார். அவரைத் தோற்றவர்கள் பட்டியலில் எழுதும் கணக்கு எதுவாக இருந்தாலும், அதை நான் ஏற்கமாட்டேன்.