மாக்பெத் தனிமொழி: கதை எழுதினால் மார்க் கிடையாதாம்

செக்காலை மாணவி:
காரைக்குடியில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மாக்பெத்தின் தனிமொழிகள் அதன் கருப்பொருளை எப்படிக் காட்டுகின்றன என்று மாடல் தேர்வில் கேள்வி. பேராசை, குற்ற உணர்வு, விதி என்று தலைப்புப் போட்டு ஏழு பக்கம் எழுதினேன். 15க்கு 6. ‘கதைதான் இருக்கிறது’ என்று சிவப்பு மையில் ஒரு வரி வேறு. கதையை விட்டால் எதைத்தான் எழுதுவது?

வளவுவீட்டு வாத்தியார்:
அம்மா, நான் தேவகோட்டைப் பக்கம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த மூன்று தலைப்பையும் தூக்கிப் போடுங்கள். முதல் அங்கம், ஏழாம் காட்சி போதும். உள்ளே மன்னன் டங்கன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்; அவனைக் கொன்று அரசனாக நினைக்கும் மாக்பெத், விருந்து கொடுக்கிறவனே, பந்தியை விட்டு வெளியே வந்து தனியாக நிற்கிறான். கொலைக்கு ஆதரவாக ஒரு நியாயம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. டங்கன் உறவுக்காரன், அரசன், அதற்கு மேல் விருந்தாளி. கொல்ல வருகிறவனுக்குக் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தி எடுப்பதா என்கிறான். மிஞ்சுவது பேராசை மட்டும், அதுவும் தாவிய வேகத்தில் மறுபக்கம் விழுகிற பேராசை.

அப்புறம் மனைவி வருகிறாள்: அவர் சாப்பிட்டு முடிக்கப் போகிறார், நீ ஏன் எழுந்து வந்தாய்? இவன் என்ன சொல்கிறான் பாருங்கள். மன்னர் இப்போதுதான் கௌரவித்தார், நல்ல பெயர் வந்திருக்கிறது, அதைப் புதுசிலேயே கழற்றிப் போடுவானேன். அவ்வளவுதான். உறவு, விருந்து எதுவும் வாயில் வரவில்லை!

என் அப்பத்தா சாயங்காலம் முற்றத்தில் வத்தல் அள்ளும்போது தனக்குத் தானே பேசுவார். ‘இந்த வீட்டில் என்னை யார் கேட்டா’ என்பார். நாங்கள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்போம். ஐயா வந்து ‘என்ன?’ என்றால் ‘வத்தல் இன்னும் காயலை’ என்பார். தனிமொழியை அடுத்த ஆளிடம் சொல்கிற பேச்சோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என்ன தப்பு என்று தெரிந்தேதான் செய்கிறான். அது பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

ஆர்மோனியக்காரர்:
ஒரு சந்தேகம் ஐயா. ஐந்தாம் அங்கத்தில் ‘நாளை, நாளை, நாளை’ என்பதையும் தனிமொழி என்கிறார்களே? மாக்பெத்தின் வேலையாள் சீட்டன் பக்கத்தில்தானே நிற்கிறான்? நம் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் தனியாக நின்று பாடினால் மேடையில் வேறு ஆள் இருக்க மாட்டார்.

வளவுவீட்டு வாத்தியார்:
கறாராகப் பார்த்தால் தனிமொழி இல்லைதான். அரசி இறந்த சேதியைச் சொன்னவனே சீட்டன். ஆனால் முன்பு பெண்டாட்டியிடம் மறைத்தவன், இப்போது வேலைக்காரன் நிற்பதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெண்டாட்டி கதை தலைகீழ். முதல் அங்கத்தில் ஆவிகளை அழைத்து, என் பெண்மையைப் பறித்துக்கொள் என்று தெரிந்தே தனியாகப் பேசியவள், ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு பேசுகிறாள். மருத்துவரும் தாதியும் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. எங்கள் தூண்தான் ஞாபகம் வரும்.

செக்காலை மாணவி:
சார், நீங்கள் சொன்னபடி மூன்றாம் அங்கத்தைப் பார்த்தேன். தனியாக இருக்கும்போது, என் தலையில் வாரிசில்லாத கிரீடம், கூடப் போரிட்ட தளபதி பாங்கோவின் பிள்ளைகளுக்காகவா இவ்வளவும் செய்தேன் என்று பொருமுகிறான். கூலிக் கொலையாளிகள் வந்ததும், உங்களைக் கெடுத்ததே பாங்கோதான் என்கிறான். அடுத்த காட்சியில் மனைவி கேட்டால், உனக்குத் தெரிய வேண்டாம் கண்ணே! இதை வைத்தே எழுதிவிடுகிறேன்.