அப்டேட்: கமாரோ வித்தாச்சு

22 வருஷமா வச்சிருந்த என் 1969 செவர்லே கமாரோ கார்ல, ஒரிஜினல் இன்ஜின கழட்டிட்டு எல்எஸ்3ங்கிற புது மாடல் இன்ஜின் மாத்தியிருக்கேன், விலை குறையுமான்னு கேட்டிருந்தேன்ல, குறையும்னு நீங்க சொன்னதுதான் நடந்துச்சு, இன்ஜின் மாத்தப் போட்ட காசுல பாதிகூட திரும்பல. ஆனா கேரேஜ் மூலைல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்த, காரோட வந்த பழைய 350 இன்ஜின் காப்பாத்துச்சு. வாங்க வந்தவரு டார்ச் அடிச்சு, இன்ஜின் பிளாக்ல வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னாடி குத்தியிருக்கிற நம்பர தேடிப் பிடிச்சாரு, காரோட வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) கடைசி இலக்கங்களோட அப்படியே பொருந்துச்சு, அதாவது இது இந்தக் காரோட ஒரிஜினல் இன்ஜின்தான், அதுக்கப்புறம் பேரமே இல்ல. ஒரிஜினல் கியர்பாக்ஸ தூக்கிப் போட்டது என் முட்டாள்தனம். டைட்டில்ல (கார் உரிமைப் பத்திரம்) கையெழுத்து போடும்போது ஒண்ணும் தெரியல, டிரெய்லர்ல ஏத்த ஸ்டார்ட் பண்ணாரு பாருங்க, அப்பதான்... ஆகஸ்ட்ல டெட்ராய்ட்ல நடக்குற உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ், அந்தப் பழைய கார் ஊர்வலம் முடியுற வரைக்குமாவது வச்சிருந்திருக்கலாம். பழைய கார்புரேட்டர் ஒண்ணு ஷெல்ஃப்லயே மறந்து கிடக்கு, அத அவருக்கு பார்சல் பண்ணணும்.