மறு: தீவாந்தரத்தார் நினைவு வளைவு – குடும்பத்துக்கு 15,000 ரூபாய்

அன்புள்ள சங்கத்து உறவினர்களுக்கு,

வணக்கம். நினைவு வளைவுக்காகக் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் கேட்டுச் செயலாளர் மாமா அனுப்பிய மடலுக்கு நான் இதுவரை பதில் எழுதாததற்குப் பணம் காரணமில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய என் அக்காள் மகன் கைப்பேசியில் காட்டிய இரண்டு படங்கள்தான் காரணம். முதல் படத்தில், நன்கொடை வந்து சேருமுன்பே எழுத்து வெட்டி முடித்த கருங்கல் பலகை ஒன்று ரேஷன் கடைத் திண்ணையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘1857 சுதந்திரப் போரில் வெள்ளையனை எதிர்த்து அந்தமான் சிறையில் உயிர்நீத்த தியாகி’ என்று அதில் இருக்கிறது. இரண்டாவது படத்தில், ஏரிக்கரை முனையில், வழிநடப்பவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க நின்ற சுமைதாங்கியின் குறுக்குக் கல், வளைவின் அஸ்திவாரத்துக்காகப் பெயர்க்கப்பட்டு வாய்க்கால் ஓரம் கிடக்கிறது. அதன்மேல் ஐந்தாறு சிமெண்டு மூட்டைகள்.

முதலில் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். தீவாந்தரம், அதாவது கடல் தாண்டி நாடு கடத்தும் தண்டனை, பெற்றதால் ஊர் முழுவதும் தீவாந்தரத்தார் என்று சொல்லும் அந்தப் பெரியவர் எங்கள் ஆயாவின் மாமனாருக்குப் பாட்டனார். அந்த மாமனாரை வளர்த்தவர் தீவாந்தரத்தாரின் மனைவி. ஆகவே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதை அதிக வாய் மாறாமல் வந்த கதை என்று நான் நம்புகிறேன். ஆனாலும் கதையை மட்டும் நம்பாமல், பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு டிசம்பர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, கம்பெனி காலத்து நீதித் துறைத் தொகுதிகளைப் புரட்டினேன். வெளிநாட்டிலிருந்து தம் முன்னோரைத் தேட நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நம் குலசாமியின் பெயரைத்தான் அக்காலத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு வைத்திருக்கிறார்கள்; அதைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் ஒரே பக்கத்தில் நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். கப்பலேற்றப்பட்ட கைதிகளின் பட்டியலில் தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், உடம்பிலுள்ள அடையாளம், குற்றம், தண்டனை என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். அவற்றில் அடையாளக் கட்டம்தான் கைகொடுக்கும். தென்னாற்காட்டிலிருந்து போனவர்களில் அதே பெயரும் அதே தகப்பன் பெயருமாக மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்கு வயது ஐம்பத்தைந்து. இன்னொருவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மூன்றாமவருக்கு வயது 26, உயரம் 5 அடி 4 அங்குலம், வலது முழங்காலில் பெரிய தீத்தழும்பு.

உப்பனாற்றில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாய்க்குச் சுமந்தவர் என்றும், பன்னிரண்டு வயதில் காளவாயின் வாயில் கால் தவறி வெந்தவர் என்றும் ஆயா சொல்லி நாங்கள் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மாணவரிடம், ‘தம்பி, இது எங்கள் தாத்தா’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவரும் மரியாதைக்கு எழுந்து நின்றார்.

ஆண்டு 1847. குற்றம் கூட்டுக்கொள்ளை. தண்டனை ஆயுள் தீவாந்தரம். போன இடம் சிங்கப்பூர்.

1847-இல் அந்தமானில் கைதிக் குடியேற்றமே கிடையாது. அங்கே நிலையான கைதிக் குடியேற்றத்துக்கு முதல் கைதிகள் இறங்கியது 1858 மார்ச் மாதத்தில்; நாம் படத்தில் பார்க்கும் செல்லுலார் சிறையைக் கட்டியது 1896-க்கும் 1906-க்கும் இடையில். அதற்கு முன் சென்னை மாகாணத்துக் கைதிகளை சுமத்ராவிலுள்ள பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று அனுப்பினார்கள். 1824 உடன்படிக்கையில் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதும் அங்கிருந்தவர்களையும் மறு ஆண்டே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்தார்கள். 1867-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையிலிருந்து பிரிந்த பிறகு, 1873-இல்தான் சிங்கப்பூர்க் கைதிச் சிறை மூடப்பட்டு, மிச்சமிருந்தவர்கள் அந்தமானுக்கு மாற்றப்பட்டார்கள். நம் பேச்சில் கடல் தாண்டிய தண்டனை எல்லாமே அந்தமான் ஆகிவிட்டது. பேச்சில் அது போகட்டும், கல்லில் வேண்டாம். பாரதியார் இருந்த அதே கடலூர் கேப்பர் மலைச் சிறையில் நம் தாத்தாவும் இருந்தார் என்று மாமா முந்தைய மடலில் எழுதியிருந்ததையும் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தச் சிறை 1865-இல் ஏற்பட்டது. பாரதியார் அடைக்கப்பட்டது 1918 நவம்பரில்.

இன்னொரு செய்தி. ‘அவருக்குத் தலையெழுத்தை எழுதியவன் பிரம்மா இல்லை, வெள்ளைக்காரன்’ என்று ஆயா அடிக்கடி சொல்வார். விதியை நொந்து சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆயுள் தீவாந்தரத் தண்டனை பெற்றவரின் நெற்றியில் அவர் பெயரையும் குற்றத்தையும் அந்தந்த ஊர் மொழியிலேயே பச்சை குத்தும் வழக்கம் அப்போது நடைமுறையில் இருந்ததும், 1849-இல்தான் அது ஒழிக்கப்பட்டதும், அதைப் பற்றிப் படித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆயா சொன்னது பழமொழி அல்ல. கப்பலேற்றும் முன் அவரைப் பார்த்துவிட்டு வந்த மனைவி தன் கண்ணால் கண்டதைப் பேரனிடம் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரில் அப்படிப்பட்டவர்கள் தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொள்வார்களாம். இதைப் படித்த பிறகு பல நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நான் இருக்கும் இந்தச் சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் என்று ஒன்று இருக்கிறது. 1856-இல் அடிக்கல் நாட்டி, இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம். அதன் சுவருக்குப் பூசியது சென்னைச் சுண்ணாம்பு: மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் பழுப்புச் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை ஊற்றிக் குழைத்து, பூசிக் காய்ந்த பின் உருண்டைக் கல்லால் பளபளப்பு வரும்வரை தேய்த்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய வீட்டுத் தூண்களில் கன்னத்தை வைத்தால் சித்திரை வெயிலிலும் குளிருமே, அந்தப் பூச்சுதான். இருபது ஆண்டுகளாக அதன் வாசலில் பேருந்துக்குக் காத்திருந்தும் நான் உள்ளே போனதில்லை. போன மாதம் போய் ஒரு தூணைத் தொட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பலகையை நாட்ட வேண்டாம். பெயர்த்த சுமைதாங்கியை முதலில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
மேட்டுத்தெரு, தீவாந்தரத்தார் வீட்டுப் பெண்
சிங்கப்பூர்

---

அன்புத் தங்கைக்கும் மற்றவர்களுக்கும்,

வரலாற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். 41 குடும்பங்கள், தலைக்கு 15,000 என்றால் 6,15,000 ரூபாய் ஆகிறது. சுற்றுக்கு வந்த மதிப்பீட்டில் 5,40,000 என்றுதான் இருக்கிறது. மீதி 75,000 எதற்கு என்று ஒரு வரி இல்லை. பணம் வசூலாகுமுன் பலகைக்குக் கூலி கொடுத்தவர் யார், எந்தத் தலைப்பில் கொடுத்தார், ரசீது எங்கே? தானே புயலுக்குப் பிறகு கோயில் மண்டபத்துக் கூரைக்கென்று 2012-இல் நாம் அனுப்பிய பணத்தின் இறுதிக் கணக்கை நான் இதுவரை ஏழு முறை கேட்டுவிட்டேன். இது எட்டாவது முறை. அந்தக் கூரை இன்னும் கிழக்கு மூலையில் ஒழுகுகிறது என்பதை என் மைத்துனர் தீபாவளிக்குப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கணக்கு வரும்வரை மஸ்கட்டிலிருக்கும் நாங்கள் நான்கு குடும்பமும் ஒரு ரூபாயும் அனுப்புவதாக இல்லை.

கணக்குப்பிள்ளை வீட்டு மூத்தவன்

---

சங்க உறுப்பினர்களுக்கு,

செயலாளர் என்ற முறையில் கணக்கு உரிய நேரத்தில் தாக்கல் செய்யப்படும் என்பதை மட்டும் தெரிவித்துவிட்டு, மருமகள் எழுதியதற்கு வருகிறேன். கிழக்கே உள்ள ஊரில் தியாகிக்கு வளைவு இருக்கிறது, மேற்கே உள்ள ஊரில் சிலையே இருக்கிறது. நம் ஊருக்கென்று இருப்பது இந்த ஒரு மனிதர். கம்பெனிக்காரன் எழுதிய காகிதத்தில் கொள்ளைக்காரன் என்றுதான் எழுதியிருப்பான்; கட்டபொம்மனை அவன் என்ன என்று எழுதினான்? பசித்த ஊர் நெல்லை எடுத்தால் அது கொள்ளையா என்பதைப் பற்றி, வயிறு நிறைந்த நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே இருந்தாலும், வீட்டுக்குள் பேச வேண்டியதை நாற்பத்தொரு வீட்டுக்கும் எழுதியிருக்க வேண்டாம். நாளைக்கு நம் பிள்ளைகளுக்குப் பெண் கேட்கப் போகும் இடத்தில் ‘கொள்ளைக்காரர் ஊரா’ என்று கேட்டால் சிங்கப்பூரிலிருந்து வந்து பதில் சொல்வாயா? உன் அப்பா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கட்டிய பணம் யார் வீட்டு மல்லாட்டை (நிலக்கடலை) விற்ற பணம் என்பதை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள். சுமைதாங்கியைப் பொறுத்தவரை, இப்போது தலைச்சுமையோடு அந்த வழியில் நடப்பவர் யார்?

பெரிய வீட்டு மாமா
நியூஜெர்சி

---

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

மல்லாட்டை விற்ற பணத்தை அப்பா எங்களிடம் மறைத்ததில்லை. பெரிய வீட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார். அந்த நன்றி எனக்கும் இருக்கிறது. நெல்லை எடுத்தது கொள்ளையா என்று நீங்கள் கேட்டதையும் நான் மறுக்கவில்லை. ஆயாவும் ‘நெல் கேட்டுப் போனவர்’ என்றுதான் சொல்வார், கொள்ளை என்ற சொல் எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. பலகையில் நெல் என்று வெட்டியிருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அவர் போகாத போரை வெட்டியிருப்பதால்தான் எழுதினேன்.

சுமைதாங்கியைப் பற்றி நீங்கள் கேட்டதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். தீவாந்தரத்தார் கப்பலேறியபோது மனைவிக்கு வயது இருபத்திரண்டு. கையில் நான்கு வயது மகன், வயிற்றில் ஒரு குழந்தை. அவர் தாலியைக் கழற்றவில்லை. ஆனாலும் ஊர் அவரைச் சுமங்கலியாகவும் அழைக்கவில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனால் எங்கள் வீட்டுப் பெண்கள் இன்றும் கடலில் ஒரு பிடி அரிசி போடுவோம்; அவர் தொடங்கி வைத்தது அது. வாய்க்கரிசியா, வழிச் சாப்பாட்டுக்கு அரிசியா என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இருக்கவில்லையாம். வயிற்றிலிருந்த குழந்தை பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து, நிறைமாதத்தில் இறந்துபோனாள். வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கி நிறுத்தும் வழக்கப்படி, அவளுக்காகத்தான் தாய் கிளிஞ்சல் சுமந்து சேர்த்த காசில் அந்தச் சுமைதாங்கியை நிறுத்தினார்.

என் தகப்பனார் 1961-இல் அந்தக் குறுக்குக் கல்லின்மேல் காகிதத்தை ஒட்டிக் கரித்தூள் தேய்த்து எடுத்த நகல் என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்திருந்தாலும் மூன்று வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. ‘விபவ வருஷம் மாசி மாதம்’ என்பது முதல் வரி. அறுபது ஆண்டுச் சுழற்சியில் கணக்குப் பார்த்தால் அது 1869-இன் தொடக்கத்தில் விழுகிறது. இரண்டாவது வரியில் மகளின் பெயர். மூன்றாவது வரி, ‘தீவாந்தரம் போனவர் பெண்சாதி உபயம்.’

மாமா, நம் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நீங்கள் நினைப்பதை, ஊர்க்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் சுமையை இறக்கி வைக்கும் கல்லில், தோள் உயரத்தில், அந்த அம்மாள் காசு கொடுத்து வெட்டி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு பெண் இறந்துபோன மகளுக்காக நிறுத்திய கல் அது. தலைச்சுமையோடு யாரும் வராவிட்டாலும் அது நிற்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை வீட்டு அண்ணனுக்கு: என் பங்கு 15,000 ரூபாயைச் சங்கத்தின் பெயரில் அனுப்பவில்லை. அந்தக் கல்லை எடுத்து நிறுத்தும் ஆட்களின் கூலியாக, ரசீது பெற்றுக்கொண்டு, நேரில் கொடுக்கிறேன். மீதியிருந்தால் கிழக்கு மூலைக் கூரைக்கு ஆகட்டும்.

இந்த மாசி மகத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வருமுன், அந்த மூட்டைகளை நகர்த்தச் செய்து, கல்லின் எழுத்துப் பக்கம் மண்ணை நோக்கி இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மேலே இருந்தால் ஈரச் சிமெண்டு எழுத்துக்குள் இறங்கியிருக்கும். அதை உளியால் சுரண்ட வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.