நாலு வாரக் கோழிக்குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றலாமா?

கேள்வி:
12 குஞ்சுகள், வயது நாலு வாரம். பல்பு போட்ட பெட்டியில் இடம் பத்தலை. வெளிக்கூண்டு தயார். ராத்திரி 18 டிகிரி வரை இறங்குது. இப்பவே மாற்றிடலாமா?

பதில் 1:
வயசை விட இறகைப் பாருங்க. இறக்கையைத் தூக்கி அடிப்பக்கத்தையும் கழுத்தையும் பாருங்க. பஞ்சு மாதிரி தூவி இருந்தா குளிர் தாங்காது. இறகு முழுசா மூட 5-6 வாரம் ஆகும். பெட்டிக்குள்ள சூடு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சு, 21-க்கு வந்த பிறகுதான் பல்பை எடுக்கணும். அதுவரை காற்று, மழை இல்லாத பகலில் ரெண்டு மூணு மணி நேரம் வெளியே விட்டுப் பழக்குங்க.

பதில் 2:
வலையைக் கவனிங்க. அறுகோண வலை கோழி வெளியே போகாமத் தடுக்கும், அவ்வளவுதான். எலியும் பாம்பும் நுழைஞ்சிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைச்ச கம்பி வலை) போடுங்க. காற்றோட்டம் மேலே இருக்கணும். தரையோரம் காற்று அடிச்சா, குஞ்சுகள் மூலையில் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, அடியில் மாட்டினது மூச்சுமுட்டிச் செத்துடும். மூலைகளில் அட்டையை வளைச்சு வையுங்க.

கேட்டவர்:
நன்றிங்க. பெரிய கோழிகளோட சேர்த்து விடலாமா?

பதில் 1:
உடனே வேண்டாம், கொத்திக் கொன்னுடும். நடுவில் வலை கட்டி ரெண்டு வாரமாவது பார்த்துப் பழகட்டும். முட்டைக்கோழித் தீவனம் குஞ்சுக்கு ஆகாது. அதிலுள்ள கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தரையில் போட்ட உமி ஈரமானா அன்னிக்கே மாத்துங்க. எச்சத்தில் ரத்தம் தெரிஞ்சா ரத்தக்கழிச்சலா இருக்கலாம், தள்ளிப்போடாம கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.